பாதி மாறியவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘போருக்குப் போன சிப்பாய் வேறு, திரும்பி வந்தவன் வேறு’ என்று ஒரு வரி வருகிறது. அதற்கு ஓர் உதாரணம்கூடத் தராமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள். அடிமைகளை விடுவிப்பது என் நோக்கமல்ல என்று சொல்லித்தான் லிங்கன் போரில் இறங்கினார் என்று படித்திருக்கிறேன். ஓஹையோவில் சோளம் போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்கார விவசாயி ஒரு கறுப்பரோடு பேசியிருப்பானா என்பதே சந்தேகம். அவன் எப்படி மாறினான்? நிஜமாகவே மாறினான் என்றால், 12 வருடத்துக்குள் தெற்கில் எல்லாம் பழையபடி ஆனது எப்படி? வென்றவர்கள் பிறகு உட்கார்ந்து அந்தப் போருக்கு ஓர் உயர்ந்த நோக்கத்தை ஒட்டவைத்தார்களோ?

வி.,
கோவில்பட்டி

அன்புள்ள வி.,

குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்த வரி காதுக்கு நன்றாக இருந்தது, வைத்துவிட்டேன். இப்போது அதற்குக் கணக்குக் காட்டுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. தெற்கைப் பொறுத்தவரை நோக்கத்தை யாரும் பிறகு ஒட்டவைக்கவில்லை. தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோகும்போதே அதை எழுதி வைத்துவிட்டன. 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அதே மார்ச்சில் சவானாவில் பேசியபோது, வெள்ளையரும் கறுப்பரும் சமமல்ல என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். மாநில உரிமை, வரி என்ற பேச்செல்லாம் தோற்ற பிறகு பெரிதாக வளர்ந்தது. ஆக, ஒட்டவைத்தவர்கள் தோற்றவர்கள்தான்.

வடக்கைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 1861 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு தீர்மானமே போட்டது: அடிமை முறையில் கைவைக்க இந்தப் போர் நடக்கவில்லை, ஒன்றியத்தைக் காப்பாற்றவே நடக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்த பையன்களில் பெரும்பாலோரின் எண்ணமும் அதுதான்.

அப்படியானால் மாற்றத்தை யார் தொடங்கினார்கள்? நான் கட்டுரையில் விட்டுவிட்டது இதைத்தான். தொடங்கியவர்கள் அடிமைகள்.

1861 மே மாதம் வர்ஜீனியாவின் கடலோரத்தில் மன்ரோ கோட்டை மட்டும் வடக்கின் கையில் இருந்தது. ஓர் இரவு மூன்று அடிமைகள் படகில் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையிலிருந்து தப்பி வந்தவர்கள். மறுநாள் வெள்ளைக்கொடியோடு ஒரு தெற்கு அதிகாரி வந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித்தரச் சொல்லும் சட்டம் இருக்கிறதே, கொடுங்கள் என்றார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வக்கீல். வர்ஜீனியா தனி நாடு என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும் என்று கேட்டார். எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்தைப் பறிமுதல் செய்யலாம், இவர்கள் அப்படிப்பட்ட சொத்து என்று வைத்துக்கொண்டார். பட்லர் ஒன்றும் அடிமை ஒழிப்புக்காரர் அல்ல. மூன்று மனிதர்களைப் பறிமுதல் சரக்கு என்று எழுதித்தான் அவர் காப்பாற்றினார் என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

செய்தி பண்ணை பண்ணையாகப் பரவியது. சில நாட்களில் குடும்பங்களாக வரத் தொடங்கினார்கள். போர் முடிவதற்குள் வடக்குப் படையின் எல்லைக்குள் வந்து சேர்ந்தவர்கள் நான்கைந்து லட்சம் பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. முகாம்களில் அம்மையும் பேதியும் கொன்றவர்கள் ஏராளம். இருந்தும் வந்தார்கள்.

இப்போது உங்கள் ஓஹையோ விவசாயிக்கு வருவோம். அவன் கறுப்பரோடு பேசியதே இல்லை, சரி. இனி தினமும் பேசுகிறான். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்தக் காட்டில் எதிரி பதுங்கியிருக்கிறான் என்று சொல்பவர் தப்பி வந்த அடிமைதான். சட்டையைக் கழற்றினால் முதுகில் சவுக்குத் தழும்பு. முகாமுக்கு வரும் பெண்ணின் கையிலிருக்கும் குழந்தைக்கு முதலாளியின் முகஜாடை. ஊரில் பாதிரியார் பேசியபோது கொட்டாவி விட்டவன், இதையெல்லாம் பார்த்து வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். இந்தப் படைகளில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் மிக அதிகம். அவர்கள் எழுதித் தள்ளிய கடிதங்கள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். மார்க்கஸ் ஸ்பீகல், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர், ஓஹையோக்காரர், லிங்கனுக்கு எதிரான ஜனநாயகக் கட்சியில் ஊறியவர். 120ஆவது ஓஹையோ ரெஜிமென்ட்டின் கர்னல். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று வந்ததும் எரிச்சலோடு மனைவிக்கு எழுதினார்: கறுப்பர்களுக்காகச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஒரு வருடம் கழித்து அவர் லூசியானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தார். அங்கிருந்து வந்த கடிதம் வேறு. அடிமை முறையின் கொடூரத்தை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன், இனி ஒருபோதும் அதற்கு ஆதரவாகப் பேசவும் மாட்டேன், வாக்களிக்கவும் மாட்டேன் என்கிறார். 1864 மே மாதம் அவர் போன நீராவிப் படகின்மேல் நடந்த தாக்குதலில் குண்டுபட்டு இறந்தார்.

ஒரு கர்னலை வைத்து ஒரு படையைச் சொல்லிவிட முடியாதுதான். அந்த நவம்பரில் தேர்தல் வந்தது. லிங்கனை எதிர்த்து நின்றவர் மெக்லெல்லன், அதே சிப்பாய்கள் ஒரு காலத்தில் தலைமேல் தூக்கிக் கொண்டாடிய தளபதி. அவர் கட்சி போர்நிறுத்தத்தை முன்வைத்தது, அதாவது சிப்பாய் உயிரோடு வீடு போகலாம். தனியாக எண்ணப்பட்ட சிப்பாய் வாக்குகளில் முக்கால் பங்குக்கும் மேல் லிங்கனுக்கு விழுந்தது. பொதுமக்களையும் சேர்த்தால் அவருக்குக் கிடைத்தது 55 சதவீதம்தான். சாகப்போகிறவன் போரைத் தொடரச் சொல்லி வாக்களித்திருக்கிறான். எல்லோரும் அடிமைகளுக்காக வாக்களித்தார்கள் என்று சொல்லமாட்டேன், செத்த தோழர்களுக்காகவும் ஜெயிக்கும் வெறிக்காகவும் வாக்களித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அடிமை முறையை வேரோடு எடுக்காமல் இது முடியாது என்று வெறும் சிப்பாய்கள் கண்டுகொண்டது, பல அரசியல்வாதிகள் கண்டுகொள்வதற்கு முன்பு.

அடிமை முறையை வெறுப்பது ஒன்று. கறுப்பரைத் தனக்குச் சமமாக நினைப்பது வேறு. பெரும்பாலோர் முதலாவதோடு நின்றுவிட்டார்கள்.

இதற்குச் சம்பளப் பட்டியலே போதும். வடக்குப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கு 10, அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம், கைக்கு வருவது 7. மாசசூசெட்ஸின் கறுப்பின ரெஜிமென்ட்டான 54ஆவது அந்த ஏழு டாலரைத் தொடமாட்டோம் என்றது. மாநில அரசு மீதியைத் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார்கள். வாக்னர் கோட்டைச் சண்டையில் செத்து விழுந்தார்கள், சம்பளம் மட்டும் வாங்கவில்லை. தென் கரோலினாவில் முன்னாள் அடிமைகளைக் கொண்ட ஒரு ரெஜிமென்ட்டில் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் தன் ஆட்களை அழைத்துப் போய், கர்னலின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கிவைத்தார். சம சம்பளம் இல்லை என்றால் வேலை இல்லை. கலகம் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூன் மாதம் காங்கிரஸ் சம சம்பளச் சட்டம் போட்டது.

இந்தச் சிப்பாய்கள் தெற்கை என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். 1865 தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறையில் தெற்குக் கூட்டமைப்பே அடிமைகளைப் படையில் சேர்க்கலாமா என்று யோசித்தது. ஜார்ஜியாவின் தளபதி ஹோவெல் காப் எதிர்த்து எழுதினார்: அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமை முறை பற்றிய நம் கோட்பாடே தவறு. எதிரியின் வாயிலிருந்து இவ்வளவு துல்லியமான வாக்குமூலம் வேறெங்கும் நான் படித்ததில்லை.

அப்புறம், உடம்பும் மனசும். இறந்தவர்கள் 6,20,000 என்பது பழைய கணக்கு, ஏழரை லட்சம் வரை இருக்கலாம் என்பது புதிய மதிப்பீடு. மூன்றில் இரண்டு பங்கு குண்டில் சாகவில்லை, நோயில் செத்தார்கள். 1866இல் மிசிசிப்பி தன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை கால்களுக்குச் செலவழித்ததாகச் சொல்வார்கள். உடம்பில் குறையொன்றும் இல்லாமலே நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கும் சிப்பாய்களை டாகோஸ்டா என்ற மருத்துவர் ஆராய்ந்து, அதற்கு ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று பெயர் வைத்தார். இன்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

உங்கள் ஊர்க் கரிசலையும் இந்தப் போர் தொட்டது. அமெரிக்கப் பருத்தி நின்றுபோனதும் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் இந்தியப் பஞ்சுக்குப் பறந்தன, திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. 1865இல் போர் முடிந்தது, விலையும் விழுந்தது. அது தனிக் கதை.

12 வருடத்தில் எப்படிப் பழையபடி ஆனது என்று கேட்டிருந்தீர்கள். முழுக்கப் பழையபடி ஆகவில்லை; மனிதரை ஏலம் விடுவது போனது போனதுதான். மற்றபடி, மாறிய சிப்பாய் ஓஹையோவுக்குத் திரும்பிச் சோளம் விதைக்கப் போய்விட்டான். மாறாதவன் தெற்கிலேயே இருந்தான். கறுப்பர்களை அடித்து மிரட்டிய ரகசியக் கூட்டமான கு க்ளக்ஸ் க்ளானை டென்னசியின் புலாஸ்கி ஊரில் தொடங்கிய ஆறு பேரும் தெற்குப் படையில் இருந்தவர்கள். சட்டத்தில் குடியுரிமையும் வாக்குரிமையும் வந்தன, அதைக் காவல் காக்க நின்ற படை 1877இல் விலகியது. நிலம் கடைசிவரை கிடைக்கவில்லை. விடுதலையானவர்களுக்கென்று வடக்கின் ஜெனரல் ஷெர்மன் ஒதுக்கிய கடலோர நிலத்தைக்கூட, லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். நிலம் இல்லாதவன் அதே முதலாளியிடம் வாரத்துக்குப் பயிரிடப் போனான்.

மாறித் திரும்பியவர்களில் உங்கள் கேள்வியில் வராத கூட்டம் ஒன்று உண்டு. போரில் இருந்த கறுப்பின வீரர்கள் முதுமையில் பென்ஷனுக்கு மனுப் போட்டார்கள். பிறந்த தேதி என்ன என்றது அலுவலகம். எந்த அடிமைக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? விதவை வந்தால், திருமணப் பதிவு எங்கே என்றது. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்றதே கிடையாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர்களும் பழைய தோழர்களும் வந்து சாட்சி சொன்னார்கள்: நான்தான் இவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தேன், இவர்கள் கல்யாணத்தன்று நான் அங்கே இருந்தேன். இன்னொரு சிக்கல் பெயர். முதலாளியின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்து, போர் முடிந்ததும் தன் அப்பாவின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் பலர். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று விசாரணை அதிகாரியிடம் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். ஏன் பெயரை மாற்றினாய் என்று அவர் கேட்பார், சொன்ன பதிலை எழுதிக்கொள்வார். அந்தக் கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தாவுக்குத் தாத்தாவின் பெயரைத் தேடுகிறவர்கள் இன்றும் அங்கே போய் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.