ராஜாவை வெட்டியவர்கள் பேரரசரை ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?

கேள்வி: நாங்கள் புதுச்சேரியில் இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன், "பாஸ்டிலை உடைச்சு ராஜாவை ஒழிச்சாங்க, சரி. அப்புறம் பதினஞ்சு வருஷத்துல நெப்போலியனை ஏன் சக்கரவர்த்தி ஆக்கினாங்க? அதுக்குப் பழைய ராஜாவையே வச்சிருக்கலாமே?" என்று கேட்கிறான். பாடப்புத்தகத்தில் தேதிகள் வரிசையாக இருக்கின்றன, காரணம்தான் பிடிபடவில்லை. நானும் படித்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். அவனுக்குப் புரியும்படியும், தேர்வில் எழுதும்படியும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். உங்கள் மகன் கேட்டதைத்தான் நல்ல மாணவர்கள் எல்லோரும் கேட்பார்கள். "பழைய ராஜாவையே வச்சிருக்கலாமே" என்ற கடைசி வரியில்தான் மொத்தப் பாடமும் இருக்கிறது.

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுங்கள். பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்த அன்று ராஜா ஒழியவில்லை. 1789 ஜூலை 14-க்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பதினாறாம் லூயிதான் மன்னர். முடியாட்சி ஒழிக்கப்பட்டது 1792 செப்டம்பர் 21-ல். அவர் தலை வெட்டப்பட்டது 1793 ஜனவரி 21-ல். இந்த மூன்று ஆண்டு இடைவெளியைப் பிள்ளைகள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், அதனால்தான் பின்னால் வருவது எதுவும் புரிவதில்லை.

அதேபோல் ராஜாவின் சாவுக்கும் நெப்போலியன் பட்டத்துக்கும் இடையே பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு தாளில் "யார் ஆண்டது?" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். 1789 வரை மன்னர் மட்டும். 1792 வரை மன்னரும் சபையும் சேர்ந்து. 1795 வரை கன்வென்ஷன் என்ற ஒரே சபை. 1799 வரை டைரக்டரி எனப்பட்ட ஐவர் குழு. 1804 வரை முதல் கான்சல் என்ற பெயரில் நெப்போலியன். அதன் பிறகு அதே நெப்போலியன், பேரரசர் என்ற பெயரில். தேர்வில் கால வரிசை கேட்டால் இதுவே போதும்.

இனி காரணம். எல்லாம் கடனில் தொடங்கியது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் இங்கிலாந்துக்கு எதிராகப் பிரான்ஸ் இறங்கியபோது கடன் வாங்கித்தான் செலவு செய்தது. 1788 வாக்கில் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போனது. பிரபுக்களும் குருமார்களும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். அவர்களிடம் வரி கேட்டபோது, "ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டிக் கேளுங்கள்" என்றார்கள். குருமார்கள், பிரபுக்கள், மற்ற எல்லோரும் அடங்கிய மூன்றாம் எஸ்டேட் என மூன்று பிரிவினரின் பிரதிநிதிகளும் கூடும் அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614-ல். நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1789 மே 5-ல் மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய் நகரில் அதைக் கூட்டவேண்டி வந்தது.

அந்த நேரம் பார்த்து ரொட்டி விலை ஏறியது. 1788 ஜூலையில் பெய்த கடும் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது, அடுத்து வந்த குளிர்காலமும் கொடுமையாக இருந்தது. 1789 தொடக்கத்தில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டி 14½ சூ (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). கூலியாளின் ஒரு நாள் சம்பளமே இருபதிலிருந்து முப்பது சூவுக்குள்தான். குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு ரொட்டி வேண்டும் என்றால் கணக்கை உங்கள் மகனையே போடச் சொல்லுங்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது. அக்டோபர் 5-ல் பாரிஸ் பெண்கள் மழையில் வெர்சாய்க்கு நடந்தே போய், மறுநாள் மன்னரைக் குடும்பத்தோடு பாரிஸுக்கு அழைத்து வந்தது இந்தக் கணக்கால்தான்.

இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கும். நான் நின்று நிதானமாகப் பார்க்கச் சொல்வது அடுத்து வரும் பகுதியை: நிலம்.

1789 ஆகஸ்ட் 4 இரவில், ஸ்டேட்ஸ் ஜெனரலிலிருந்து உருவான தேசியச் சபை பண்ணைப் பிரபுக்களின் உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்தது. தேவாலயத்துக்கு விளைச்சலில் ஒரு பங்கு கொடுக்கும் வரியும் போனது. பிரபுக்களுக்குத் தரவேண்டிய சில பாக்கிகளைப் பணம் கொடுத்துத்தான் மீட்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். 1793 ஜூலையில் அதையும் ரத்து செய்தார்கள். இதற்கு நடுவே, 1789 நவம்பர் 2-ல் தேவாலய நிலங்கள் முழுவதும் நாட்டின் சொத்தாக்கப்பட்டன. அது பிரான்ஸின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பின்னர் நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் நிலமும் இதில் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். நகரத்து வசதியானவர்கள் அதிகம் வாங்கினார்கள், கொஞ்சம் காசு வைத்திருந்த விவசாயிகளும் வாங்கினார்கள்.

இப்போது அப்படி ஏலம் எடுத்த ஒரு விவசாயியின் இடத்தில் இருந்து பாருங்கள். மடத்துக்குச் சொந்தமாக இருந்த நிலம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. பிரபுவுக்கு எதுவும் தரவேண்டியதில்லை. பத்திரம் கையில் இருக்கிறது. ஆனால் ஆட்சி மாறினால் அந்தப் பத்திரம் செல்லுமா? அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கு இந்தப் பயம் அவரை விடவில்லை. பிரான்ஸின் ஒவ்வொரு ஆட்சி மாற்றத்தையும் இந்தக் கண்ணால் பாருங்கள், புரியாமல் போகாது.

ராஜா ஏன் போனார்? புரட்சியை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னவர், 1791 ஜூன் 20 இரவு குடும்பத்தோடு மாறுவேடத்தில் ஓடினார். வழியில் சாந்த்-மெனூ என்ற ஊரில் அஞ்சல் நிலையத் தலைவர் துரூவே அவரை அடையாளம் கண்டுகொண்டு குதிரையில் விரட்ட, வரென் என்ற சிற்றூரில் பிடிபட்டார். அன்றே நம்பிக்கை போய்விட்டது. இருந்தாலும் அந்தச் செப்டம்பரில் வந்த அரசியலமைப்பு அவரையே மன்னராக வைத்தது. பட்டம் மட்டும் மாறியிருந்தது: "பிரான்ஸின் மன்னர்" அல்ல, "பிரெஞ்சு மக்களின் மன்னர்". இந்தச் சொல்லை மறக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், திரும்பி வரப்போகிறது.

1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவுடன் போர் மூண்டது. ராஜா எதிரிப் பக்கம் என்று பாரிஸ் முழுக்க நம்பியது. ஆகஸ்ட் 10-ல் அரண்மனை தாக்கப்பட்டது, மறு மாதமே குடியரசு வந்தது. கன்வென்ஷனில் மரண தண்டனைக்கு ஆதரவாக 387 பேர் வாக்களித்தார்கள், எதிராக 334 பேர். ஆக, ராஜா வேண்டாம் என்பதில் ஒன்றாக இருந்தவர்கள் அவரைக் கொல்வதில் ஒன்றாக இல்லை.

பயங்கர ஆட்சியைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1793-ல் வெளியே அண்டை நாடுகளுடன் போர், உள்ளே வாந்தே பகுதியில் கிளர்ச்சி. ரோபெஸ்பியர் இருந்த பொதுப் பாதுகாப்புக் குழு கையில் அதிகாரம் குவிந்தது. தீர்ப்பு எழுதிக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் ஏறக்குறைய 17,000 பேர். தலை வெட்டும் கருவியான கில்லட்டினுக்குப் போனவர்கள் எல்லாம் பிரபுக்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மூன்றாம் எஸ்டேட்டைச் சேர்ந்த சாதாரண மக்கள். 1794 ஜூலை 28-ல் ரோபெஸ்பியரும் அதே கில்லட்டினில் மாண்டார்.

அடுத்து வந்த டைரக்டரியைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். அங்கேதான் உங்கள் மகனுக்கான விடை இருக்கிறது. தேவாலய நிலத்தை ஈடாக வைத்து அடித்த அசிஞா என்ற காகிதப் பணம் மதிப்பிழந்து, 1796 பிப்ரவரியில் அதை அச்சடித்த கருவிகளையே பாரிஸில் பொது இடத்தில் கொளுத்தினார்கள். தேர்தல் நடந்தது. ஆனால் 1797-ல் அரச ஆதரவாளர்கள் ஜெயித்தபோது படையைக் கொண்டு முடிவை ரத்து செய்தார்கள். 1798-ல் தீவிரக் குடியரசுக்காரர்கள் ஜெயித்தபோது பலருடைய தேர்வைச் செல்லாது என்று அறிவித்தார்கள். வாக்குச்சீட்டின் மேல் நம்பிக்கை போய், படைத்தலைவர்கள் கை ஓங்கியது.

சரி, பழைய ராஜ குடும்பத்தையே திரும்ப அழைத்திருக்கலாமே? வெட்டுண்ட மன்னரின் தம்பி பதினெட்டாம் லூயி வெளிநாட்டில் உயிரோடு காத்திருந்தார். அவரே 1795-ல் இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஓர் அறிக்கை விட்டார்: பழைய ஒழுங்கை அப்படியே கொண்டுவருவேன், அண்ணனைக் கொன்றவர்களைத் தண்டிப்பேன். நம் விவசாயி அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? மன்னர் வந்தால் மடமும் பிரபுவும் கூடவே வருவார்கள். நிலம் போகும். மரண தண்டனைக்கு வாக்களித்தவர்களுக்குத் தலையே போகும். "பழைய ராஜாவையே வச்சிருக்கலாமே" என்பதற்குப் பதில் இந்த அறிக்கைதான். தேர்வுத்தாளில் இதை ஒரு வரி எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொரு மனிதரையும் அறிமுகப்படுத்துங்கள். சியேஸ் என்ற பாதிரியார். 1789 ஜனவரியில் "மூன்றாம் எஸ்டேட் என்றால் என்ன?" என்ற சிறு நூலை எழுதிப் புரட்சிக்குக் குரல் கொடுத்தவர். மன்னரின் சாவுக்கு வாக்களித்தவர். 1799-ல் டைரக்டரியின் ஐவரில் ஒருவராக இருந்துகொண்டே, அதைக் கவிழ்க்க ஒரு படைத்தலைவரைத் தேடியவரும் இவரே. எகிப்திலிருந்து அக்டோபரில் திரும்பிய நெப்போலியன் கிடைத்தார்.

நவம்பர் 10, சான்-க்ளூ மாளிகை. நெப்போலியன் சட்டமன்றத்தின் ஓர் அவையான ஐந்நூற்றுவர் சபைக்குள் நுழைந்ததும் உறுப்பினர்கள் அவரை மொய்த்துக்கொண்டு, "சட்டத்துக்குப் புறம்பானவன்!" என்று கத்தினார்கள். பிடித்துத் தள்ளினார்கள். அவர் வெலவெலத்துப் போக, வீரர்கள்தான் வெளியே இழுத்து வந்தார்கள். சபைத் தலைவர் யார் தெரியுமா? நெப்போலியனின் தம்பி லூசியன். அவர் முற்றத்துக்கு வந்து, உள்ளே சிலர் கத்தியோடு சபையை மிரட்டுகிறார்கள் என்று படைவீரர்களிடம் சொன்னார். முரசு முழங்க வீரர்கள் உள்ளே புகுந்தார்கள், உறுப்பினர்களில் சிலர் சன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். அடுத்த மாதம் புதிய அரசு வெளியிட்ட அறிவிப்பு: "குடிமக்களே, புரட்சி எந்தக் கொள்கைகளில் தொடங்கியதோ அவற்றில் நிலைபெற்றுவிட்டது. அது முடிந்தது."

ஊரில் பலருக்கு இது நிம்மதியாக இருந்திருக்கும். பிரான்ஸ் வங்கி வந்தது. 1801-ல் போப்புடன் உடன்பாடு ஏற்பட்டது. கோயில் மணி மறுபடி அடித்தது, ஆனால் விற்ற நிலத்தைத் திரும்பக் கேட்கமாட்டோம் என்று போப்பும் ஒத்துக்கொண்டார். 1804 மார்ச் 21-ல் சிவில் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பின்னர் உங்கள் ஊருக்கும் வந்தது. 1881-க்குப் பிறகு தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து அதை ஏற்ற குடும்பங்களை ரெனோன்சான் என்பார்கள், தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கலாம். இழப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள்: பத்திரிகைகளின் வாய் அடைக்கப்பட்டது, மனைவி கணவனுக்குக் கீழ்ப்பட்டவள் என்று சட்டமே எழுதியது, 1794-ல் ஒழித்த அடிமை முறையை 1802-ல் காலனிகளில் மறுபடி அனுமதித்தார்கள். இதை மன்னிக்க என்னால் முடியாது. நெப்போலியனை வீரர் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பிறகு ஏன் பேரரசர் பட்டம்? முதல் கான்சல் ஒரு மனிதர். அவரைக் கொன்றால் எல்லாம் முடிந்தது. 1800 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு அவர் வண்டி போன தெருவில் குண்டு வெடித்தது. 1804 தொடக்கத்தில் இன்னொரு சதி பிடிபட்டது. அவருக்குப் பின் மகனோ தம்பியோ தானாக வருவார் என்றால் கொல்வதில் பயனில்லை. சிவில் சட்டம் வந்த அதே மார்ச் 21-ன் விடியலில், ராஜ குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கியன் கோமகனை எல்லைக்கு அப்பாலிருந்து பிடித்து வந்து சுட்டுக் கொன்றிருந்தார்கள். மன்னரைக் கொன்றவர்களுக்கு இது ஓர் உறுதிமொழி மாதிரி: இந்த மனிதரும் இனிமேல் அந்தக் குடும்பத்தோடு சேர முடியாது. மே 18-ல் செனட் அறிவித்தது. குடியரசின் ஆட்சி ஒரு பேரரசரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பட்டம், "பிரெஞ்சு மக்களின் பேரரசர்".

குடியரசுக்கே பேரரசர்! உங்கள் மகனுக்கு வேடிக்கையாக இருக்கும். இணையத்தில் அந்தக் கால நாணயப் படத்தைக் காட்டுங்கள். ஒரு பக்கம் "நெப்போலியன் பேரரசர்", மறுபக்கம் "பிரெஞ்சுக் குடியரசு". 1808 வரை அப்படியே அடித்தார்கள். 1809-ல்தான் "பிரெஞ்சுப் பேரரசு" என்று மாறியது.

1804 டிசம்பர் 2-ல் நோத்ர்-தாம் பேராலயத்தில் போப் முன்னிலையில் தன் கையாலேயே முடியை எடுத்துச் சூடிக்கொண்ட காட்சியை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பின் அவர் எடுத்த உறுதிமொழியைத்தான் நான் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். சட்டத்தின் முன் சமத்துவம், வழிபாட்டு உரிமை, இவற்றோடு ஒன்று: நாட்டுடைமை நிலங்களின் விற்பனை ஒருபோதும் ரத்தாகாது. முடிசூடும் மேடையில் பத்திரப் பேச்சு! நம் விவசாயி காதில் விழ வேண்டியது அதுதான்.

பத்து ஆண்டு கழித்து நெப்போலியன் தோற்று, 1814-ல் அதே பதினெட்டாம் லூயி அரியணை ஏறினார். வெரோனாவில் சொன்னதை இப்போது அவரால் சொல்ல முடியவில்லை. அவர் கொடுத்த சாசனத்தின் ஒன்பதாம் பிரிவு, எல்லாச் சொத்துகளும் மீறப்படக் கூடாதவை என்றது, நாட்டுடைமை எனப்பட்ட நிலங்கள் உட்பட.