காற்றடைக்க ஐந்நூறு ரூபாயா? ஸ்கூபா சிலிண்டர் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்காலில் இருந்து எழுதுகிறேன். போன மாசியில் புதுச்சேரி போய் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது) கற்றுக்கொண்டு, ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப நிலைச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். சொந்தமாக ஒரு சிலிண்டர் வாங்கினால் என்ன என்று விசாரித்தேன். கடையில் ஒரு தடவை காற்று நிரப்ப 500 ரூபாய் சொல்கிறார்கள். சும்மா கிடைக்கிற காற்றுக்கு 500 ரூபாயா? இது கொள்ளை இல்லையா சார்?

பதில்: முதலில் கரண்ட் செலவைப் பார்த்துவிடுவோம், எல்லோரும் அங்கேதான் ஆரம்பித்து அங்கேயே கோபப்பட்டு நின்றுவிடுகிறார்கள். வாடகைக்குத் தருகிற சாதாரண அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர், அதில் 207 பார் அழுத்தம் வரை, அதாவது நம்மைச் சுற்றியிருக்கிற காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 207 மடங்கு வரை, நிரப்பலாம். அதாவது வெளியே இருக்கிற காற்றில் சுமார் 2,200 லிட்டரைப் பிடித்து உள்ளே அடைக்கிறார்கள், எடை போட்டால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். நிமிடத்துக்கு 100 லிட்டர் அடைக்கும் சின்ன கம்ப்ரசருக்கு இது 22 நிமிட வேலை. மோட்டார் 3 கிலோவாட் என்றால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் பதினோரு ரூபாய்தான், கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபிக்குப் பத்தாது.

மீதிக் காசு எங்கே போகிறது என்றால், பெரும்பங்கு ஈரத்துக்கும் எண்ணெய்க்கும் எதிராகப் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை தண்ணீரைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். நம் கடற்கரையில் புழுங்குகிற ஒரு நாளில் ஒரே ஒரு சிலிண்டரை நிரப்பினால், காற்றோடு கிட்டத்தட்ட 50 கிராம் தண்ணீரும் மெஷினுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி அழுத்தத்தில் பிரிந்து வந்துவிடும், கால் மணிக்கு ஒரு தடவை டிரெயின் வால்வைத் திறந்து வெளியே விட வேண்டும். பிரியாத மிச்சத்தையும் எண்ணெய்ப் புகையையும் ஃபில்டர்தான் பிடிக்கிறது. அந்த ஃபில்டர் இத்தனை மணி நேரம் தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் 20 டிகிரி கணக்கு. நாகையிலும் காரைக்காலிலும் சித்திரையில் அதில் பாதி வந்தாலே நல்லது. ஆகவே பாதி விலைக்கு நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான், ஃபில்டரை எப்போது மாற்றினார்? கேட்டுப் பாருங்கள். ஒழுங்கான கடையில் மெஷின் பக்கத்திலேயே ஒரு நோட்டு தொங்கும், ஓடிய மணி, ஃபில்டர் மாற்றிய தேதி, எண்ணெய் மாற்றிய தேதி எல்லாம் எழுதியிருக்கும். நோட்டைக் காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு கடையில் அவசரமாக நிரப்பிக் கையில் கொடுத்தார்கள், சிலிண்டர் சுட்டது, அவர்கள் மீட்டரில் 200 காட்டியது. படகில் போய் என் கேஜை (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டினால் 185. வேகமாக அடைத்தால் காற்று சூடாகும், ஆறினால் அழுத்தம் இறங்கும், இதில் மாயமில்லை. 15 பார் என்பது 165 லிட்டர். 10 மீட்டர் ஆழத்தில் நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு நாலு நிமிடம். காசு மொத்தமும் கொடுத்து நாலு நிமிடத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆறிய பிறகு உங்கள் கேஜில் பார்த்து வாங்குங்கள், குறைந்தால் மேலே நிரப்பித் தரச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது.

சரி, 500 நியாயமா? ஒற்றைச் சிலிண்டரோடு வருகிறவருக்கு அது கொஞ்சம் தூக்கலான விலைதான், கொள்ளை என்று சொல்ல மாட்டேன். பத்து ஃபில்லுக்குச் சேர்த்துப் பேசினால் குறைப்பார்கள். ஆனால் வருடத்துக்கு எத்தனை தடவை இறங்கப் போகிறீர்கள்? பத்துக்குக் கீழே என்றால் சிலிண்டர் வாங்கவே வேண்டாம். படகுக் கட்டணத்திலேயே சிலிண்டர் அடங்கிவிடும். காலியாகவே 14 கிலோ கனக்கிற சாமானைக் காரைக்காலிலிருந்து தூக்கிக்கொண்டு அலைவதில் என்ன லாபம்? நிரப்பியதை ரயிலில் கொண்டுபோகவும் முடியாது, ஆபத்தான சாமானை ரயிலில் ஏற்றினார் என்று ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் மாட்டுவீர்கள். அந்தக் காசில் முகத்துக்குப் பொருந்துகிற நல்ல மாஸ்க் வாங்குங்கள், மிச்சம் இருந்தால், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கிற டைவ் கம்ப்யூட்டர்.

கேள்வி: என் மச்சான் மாலத்தீவில் ஐந்து வருடம் டைவ் மாஸ்டராக (கடலுக்குள் ஆட்களை அழைத்துப்போகும் வழிகாட்டி) இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். தரங்கம்பாடியில் கோட்டை பார்க்க இவ்வளவு கூட்டம் வருகிறதே, அங்கே கம்ப்ரசர் போட்டு டைவ் ஷாப் திறந்தால் காற்றை விற்றே சம்பாதிக்கலாம், பத்து லட்சம் போடு என்கிறார். போடலாமா? – மயிலாடுதுறை வாசகர்

பதில்: மச்சானிடம் நீங்கள் இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், நான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள். காற்றை விற்று எந்த டைவ் ஷாப்பும் பிழைப்பதில்லை. பயிற்சி வகுப்பு, படகுப் பயணம், சாமான் வாடகை, இவைதான் சோறு போடுபவை. கம்ப்ரசர் இவற்றுக்கு வேலைக்காரன்.

மாவு மில் கணக்குத்தான் இதுவும். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை உண்டு, கடன் உண்டு. கணக்குக்காக மெஷின் நாலு லட்சம், ஐந்து வருடத்தில் தேய்ந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 80,000. வருடத்தில் 400 சிலிண்டர் நிரப்பினால் மெஷின் தேய்மானம் மட்டும் ஒன்றுக்கு 200 ரூபாய், 2,000 நிரப்பினால் 40 ரூபாய். ஃபில்டர், எண்ணெய், கரண்ட், உப்புக்காற்றில் அரிக்கிற பித்தளை, ஆள் சம்பளம் எல்லாம் அதற்கு மேல்தான். தரங்கம்பாடியில் 2,000 எங்கிருந்து வரும்? சொந்த சிலிண்டரோடு நிரப்ப வருகிறவர்கள் அந்தக் கரையில் பத்துப் பேர் இருந்தால் பெரிது. 1620-ல் கட்டிய டேனிஷ் கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டம் கரையில் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போகிற கூட்டம், அவர்களில் எத்தனை பேர் கடலுக்குள் இறங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கடலையும் பார்க்க வேண்டும். மாலத்தீவில் பவளப்பாறை, இங்கே மணலும் வண்டலும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் படகு போகாது, ஆற்றுத் தண்ணீர் கலந்த கடலில் நீட்டிய கை தெரியாது. அந்த மாதங்களிலும் கடன் தவணை வரும். நம் பக்கத்துக் கடலில் பார்க்க எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. பூம்புகாருக்கு எதிரே ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவத்தில் ஒரு அமைப்பை 1991-ல் தேசிய கடலியல் நிறுவனத்து ஆட்கள் கண்டார்கள். ஆனால் அது ஆராய்ச்சி, ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரரை அழைத்துப்போய்க் காட்ட முடிகிற சமாச்சாரம் இல்லை.

மச்சானுக்கு உண்மையிலேயே தொழில் தெரியும் என்றால் கம்ப்ரசரை விட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 20 சிலிண்டர் வாங்கி, புதுச்சேரியில் மொத்தமாக நிரப்பி, வேனில் உருளாதபடி கட்டிக் கொண்டுவரலாம். போய்வர 240 கிலோமீட்டர், டீசல் இரண்டாயிரம் என்றால் சிலிண்டருக்கு நூறு ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நீச்சல் குளங்களில் ஒரு நாள் அனுபவ வகுப்பு நடத்தட்டும், கடலில் இறங்க விரும்புகிறவர்களைப் பெரிய கடையோடு பேசிவைத்து அனுப்பட்டும். ஒரு வருடம் கழித்து, வாரத்துக்கு இரண்டு தடவை வேன் போகிற நிலை வந்தால் அப்போது மெஷின் வாங்கலாம். உங்கள் பங்குக்கு இரண்டு லட்சம், எழுத்தில். பத்து வேண்டாம்.

மெஷின் வாங்கும் நாள் வந்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கரண்ட் போகும், ஜெனரேட்டர் ஓடும். அதன் புகை கம்ப்ரசர் உறிஞ்சும் குழாய்க்குப் போய்விட்டால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் ஏறும். அதற்கு வாசனை கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் சுற்றியிருக்கிற அழுத்தம் நாலு மடங்கு, விஷமும் அதே நாலு மடங்காக வேலை செய்யும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பழைய அலுமினிய சிலிண்டர், 8,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வேதாரண்யம்

பதில்: கழுத்தில் குத்தியிருக்கிற எழுத்துகளைப் படித்துவிட்டுப் பேசுவோம். கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரை அழுத்தி சிலிண்டரின் உறுதியைப் பார்க்கும் சோதனை) தேதி ஐந்து வருடத்துக்கு மேல் போயிருந்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள், நிரப்பவும் கூடாது. தயாரிப்பு ஆண்டு 1988 அல்லது அதற்கு முன்பு என்றால் தொடவே வேண்டாம். அந்தக் காலத்தில் 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்தவற்றில் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டு வெடித்தவை உண்டு, பிறகுதான் 6061-க்கு மாறினார்கள். எல்லாவற்றுக்கும் மேல், 2016 எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி நாகபுரியிலிருக்கும் பெசோ (PESO) என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் இல்லாத சிலிண்டரை இங்கே நிரப்புவதே சட்டப்படி தவறு. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவரிடம் அந்தக் காகிதம் இருக்காது. 8,000 கொடுத்து வீட்டு வாசலில் பூத்தொட்டி வைக்கவா?

கேள்வி: புதுச்சேரி பயணத்துக்கு முன்பணம் கட்டினேன். கடல் சரியில்லை என்று கடைக்காரரே ரத்து செய்துவிட்டார், பணம் கேட்டால் "நோ ரீஃபண்ட்" என்று ரசீதில் இருக்கிறது என்கிறார். – திருவாரூர்

பதில்: ரத்து செய்தது அவர், சேவை கிடைக்கவில்லை, ஆகவே ரசீதில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடல் பொங்கும்போது படகை விடாதது சரியான முடிவு, அதற்காக அவரைத் திட்டாதீர்கள். வேறு தேதி தரட்டும், இல்லையென்றால் பணம் தரட்டும். வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: நாங்கள் நாகையில் போட் வைத்திருக்கிறோம் அண்ணே. புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் ஆள் இறங்கி அறுக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஓஸ் மாட்டி மூச்சு விடலாமா? இல்லை, ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. பஞ்சர் கடை மெஷின் டயருக்குக் காற்றடிக்கச் செய்தது. அதன் எண்ணெய்ப் புகையும், இன்ஜின் பக்கத்தில் வைத்தால் அந்தப் புகையும் நேரே நெஞ்சுக்குள் போகும். ஆக்சிஜன் அதைவிட மோசம். பத்திரிகைகளில் "ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள்" என்று எழுதி எழுதி எல்லோரையும் குழப்பிவிட்டார்கள், ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றுதான். சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது கடினம். அழுத்தக் காற்று எதுவாக இருந்தாலும், மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியலாம், அதனால் பயிற்சி இல்லாதவர் வாயில் அந்தக் குழாயை வைக்கவே கூடாது.

அடிக்கடி மாட்டுகிறது என்றால் நாலைந்து போட்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு பையனை முறையாகப் பயிற்சிக்கு அனுப்புங்கள், ஒரு சிலிண்டரைப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வியில் சொன்ன நோட்டு இருக்கிற கடையில் நிரப்புங்கள். அதுவரை எப்போதும்போல் மூச்சடக்கித்தான் இறங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். இறங்குகிறவர் இன்ஜின் சாவியைக் கழற்றித் தன் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கட்டும்.