கருகிய கோழி

ஐயா, வணக்கம். துப்பறியும் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இன்ஸ்பெக்டருக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் உண்டு. படித்த நண்பர்கள், ‘வீடு வரும்போதெல்லாம் கதை படுத்துவிடுகிறது’ என்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறேன். வீட்டையே எடுத்துவிடட்டுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடுக்க வேண்டாம். ஆனால் நண்பர்கள் சொல்வதும் பொய்யில்லை. உங்கள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருகிறார், காபி குடிக்கிறார், மகளின் தலையைத் தடவுகிறார், கிளம்பிவிடுகிறார். அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதுதான் சிக்கல்.

பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன், மெக்ரே என்ற பாரிஸ் போலீஸ் அதிகாரியை வைத்து எழுதிய நாவல்கள் 75. பெரும்பாலானவற்றில் அவர் மனைவி மேடம் மெக்ரே சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வரவில்லை என்று கணவரிடமிருந்து போன் வரும். அப்புறம் அவர் ஆபீசில் உட்கார்ந்து, பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்த சாண்ட்விச்சையும் பீரையும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஒருவனை விசாரிப்பார். வீட்டில் எதுவோ ஆறிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியும். வீடு வர ஒரு போன் போதும்.

1950-இல் வந்த ‘மேடம் மெக்ரேயின் தோழி’யைத் தேடிப் படியுங்கள். அந்தப் பக்கம் போலீஸ், புத்தகம் பைண்டு செய்பவர் ஒருவரின் அடுப்பில் கிடைத்த இரண்டு மனிதப் பற்களோடு மல்லுக்கட்டுகிறது. இந்தப் பக்கம் இந்த அம்மாள் பல் டாக்டரைப் பார்ப்பதற்காகப் பூங்கா பெஞ்சில் காத்திருக்கிறார். (சிமெனோனுக்கு இந்தக் குறும்பு உண்டு.) பெஞ்சில் பழக்கமான ஒரு பெண், ‘குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டுப் போகிறாள். ரொம்ப நேரம் ஆளையே காணோம். டாக்டரிடம் வாங்கிய நேரமும் போச்சு, வீட்டில் அடுப்பில் வைத்த கோழியும் கருகிப் போச்சு.

ஆனால் அவர் அந்தப் பெண்ணின் தொப்பியைக் கவனித்திருக்கிறார். அதைச் செய்தது யார் என்று தானே கடை கடையாக ஏறி இறங்குகிறார். அவர் துப்பறிவாளர் ஆகிவிடவில்லை. தொப்பியைப் பார்த்தால் தையலும் விலையும் கண்ணில் படுகிற ஒரு குடும்பப் பெண், அவ்வளவே. வழக்குக்கு அந்தக் கண் தேவைப்படுகிறது.

உங்கள் அத்தியாயத்தில் மகள், ‘அப்பா, இன்னிக்கு வேன் வேற வழியா வந்துச்சு’ என்று சொல்ல ஆரம்பிக்கிறாள். அப்பா மொபைலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். போகட்டும், அவர் அப்படித்தான். நீங்களும் ஏன் அவர் பின்னாலேயே போனீர்கள்? அங்கேயே நின்று அவள் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள்.

சரி, இன்னொன்று. மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று எங்கேயும் சொல்லவில்லையே?