வீட்டிலேயே பீர் போடலாமுங்களா? கேள்வி பதில்

கேரளத்தில் பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஆட்களும், இங்கிருந்து வெளிநாடு போன பிள்ளைகளும் கேட்ட கேள்விகள் இவை. பெங்களூரில் பீர் ஆலையில் வேலை பார்த்த பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எங்க தோட்டத்து வீட்டுல இருபது லிட்டர் போட்டுப் பார்க்கலாமுங்களா? விக்கப் போறதில்லீங்க, குடிக்க மட்டும்தான்.

வேண்டாம் தம்பி. நம்ம ஊரில் விற்றாலும் விற்காவிட்டாலும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கேரள அப்காரி சட்டத்தில் அதற்குப் பத்து ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. வாளையாறு தாண்டிப் போனால் தமிழ்நாட்டின் 1937 மதுவிலக்குச் சட்டம். அங்கே 1987 முதல் கள்ளுக்கே தடை. ஆனால் பீர் போடுகிற வேலையில் பாதி, சாராயச் சத்து உண்டாவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைத் தாராளமாக இங்கேயே பழகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

மளிகைக் கடை பார்லி வாங்கி ஊற வெச்சேன், முளைக்கவே இல்லீங்களே?

முளைக்காதுங்க அம்மிணி. கஞ்சிக்கு விற்கிற பார்லி தீட்டினது. உமியும் முளைக்கருவும் போயிருக்கும். ராகி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் நன்றாக எட்டிப் பார்த்ததும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, வேரைத் தேய்த்து உதிர்த்துவிட்டு அரையுங்கள். இதுதான் மால்ட்.

இப்போது சாதாரண ராகி மாவில் கெட்டியாகக் களி மாதிரிக் காய்ச்சி இறக்குங்கள். தெர்மாமீட்டரில் 65 டிகிரிக்கு ஆறியதும் முளைகட்டிய மாவில் இரண்டு பிடி போட்டுக் கிளறிப் பாருங்கள். கரண்டி நட்டால் நிற்கிற கூழ் கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போய் சளசளவென்று ஆகிவிடும். சூடு இறங்காமல் மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்து நாக்கில் வைத்தால், சர்க்கரை போடாமலே இனிக்கும். முளையில் உண்டான நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிட்டது. ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, மருந்துக்கடை டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு வையுங்கள். கருநீலமானால் மாவு இன்னும் பாக்கி. (அந்தச் சொட்டைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது.) அடுத்த தடவை 80 டிகிரியில் செய்து பாருங்கள், நொதி செத்துப் போவதால் இனிப்பு சரியாக ஏறாது. பீர் ஆலையில் பெரிய கொப்பரையில் நாங்கள் காவல் காத்ததும் அந்த 65 டிகிரிச் சூட்டைத்தான். இந்தக் கஞ்சியைப் பால் விட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அன்றைக்கே காலி செய்துவிடுங்கள்.

கள்ளுல ஈஸ்ட் இருக்குதே, பீருக்கு அதை ஊத்தினா ஆகாதுங்களா?

நல்ல கேள்வி. கள்ளை விட்டுக் கரைத்த ஆப்பமாவு விடியும்போது பொங்கி நிற்பது அந்த ஈஸ்டால்தான். பீர் ஈஸ்டும் அதற்கு உறவுதான். ஆனால் பானையில் ஈஸ்டோடு புளிக்கவைக்கிற பாக்டீரியாவும் கூடவே வரும். காலையில் இனிக்கிற கள் சாயங்காலம் கடுத்து, மறுநாள் புளித்து, அப்படியே விட்டால் வினிகராவது அதனால். பீருக்கு ஒரே ஒரு ஈஸ்ட் மட்டும் வேண்டும், மற்றதெல்லாம் வெளியே நிற்க வேண்டும். அதனால்தான் பாத்திரச் சுத்தத்தைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

மாமா, நான் லீட்ஸ்ல படிக்கிறேன். இங்க சட்டப்படி ஆகும். முதல் தடவை எப்படி ஆரம்பிக்க?

ஆமாம் கண்ணு, பிரிட்டனில் 1963-லேயே வீட்டுக்குப் போடுகிறவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். முதல் தடவை தானியத்தோடு மல்லுக்கட்டாதே, மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட்டின் இனிப்புச் சாறைக் கெட்டியாக்கியது) வாங்கு. தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடு. ஆரம்பத்தில் போடுகிற ஹாப்ஸ் கசப்பு தரும், கடைசிப் பத்து நிமிஷத்தில் போடுவது வாசனை தரும். ஹாப்ஸ் என்பது குளிர்நாட்டுக் கொடியின் பூ. நம் நாட்டில் இமாசலத்து லாஹௌலில் விளைகிறது. சட்டென்று 20 டிகிரிக்கு ஆற்றி, உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட் தூவி மூடிவிடு. ஆறிய பிறகு தொடுகிற கரண்டி, குழாய், மூடி எல்லாம் கிருமிநாசினியில் முங்கி எழுந்திருக்க வேண்டும்.

நாலாம் நாளே குமிழி நின்னுபோச்சு. பாட்டில்ல ஊத்திடட்டா?

ஊற்றாதே! குமிழியை நம்பக் கூடாது, ஹைட்ரோமீட்டரை (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) நம்பு. ஆரம்பத்தில் 1.046 இருந்து, 1.010-க்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் முடிந்தது என்று அர்த்தம். வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் சாராயச் சத்து சுமார் 4.7 சதவீதம். இரண்டு வாரம் பொறு. பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும், கையளவில் போடாதே. சர்க்கரை கூடினாலோ, பாதிப் புளிப்பில் அடைத்தாலோ, கண்ணாடி வெடித்துச் சிதறும். கண்ணுக்கே ஆபத்து.

டெட்டால் நெடி அடிக்குது, ஏன்?

குழாய்த் தண்ணீரின் குளோரின். அடுத்த தடவை இருபது லிட்டருக்கு, குளோரினைப் போக்குகிற கேம்ப்டன் மாத்திரை பாதி போட்டுக் கலக்கிவிடு.

தம்பி, வீட்டுல போட்டா மெத்தனால் வந்து கண்ணு போயிருமில்ல? கள்ளக்குறிச்சியில பாத்தமே.

ஐயா, 2024-இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த ஆலை மெத்தனால். தானியம் புளிக்கும்போது உண்டாகிற மெத்தனால் மிகமிகச் சொற்பம், பீரில் அந்தப் பயம் இல்லை. ஆனால் புளித்ததைக் காய்ச்சி வடிப்பது வேறு சங்கதி. அதை எந்த நாட்டிலும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அண்ணா, மெல்போர்ன்ல இப்ப நம்ம சித்தூர் பங்குனி மாதிரி வெயில். பீர் தின்னர் மாதிரி காட்டமா இருக்கு.

சூடுதான் காரணம். சாதாரண ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். 30 தாண்டினால் அந்தக் காட்டம் வரும், முதல் மூன்று நாள்தான் முக்கியம். டிரம்மைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துண்டு சுற்றி, பக்கத்தில் காற்றாடி போடு, சில டிகிரி இறங்கும். முடியாவிட்டால் நார்வேயின் க்வைக் ஈஸ்ட் வாங்கிக்கொள். அது 35-லும் சுத்தமாக வேலை செய்யும்.