மரியாச்சிக்கு நோட்டு உண்டா?

கேள்வி: மெக்சிகோவின் மரியாச்சி இசைக் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் நோட்டு (இசைக் குறிப்பு) எழுதிய தாள் எதுவும் வைக்காமல் வாசிக்கிறார்கள். ஒரு இடத்தில்கூடப் பிசகுவதில்லை. எல்லாம் கேள்வி ஞானம்தானா?

பதில்: ஒரு காலத்தில் கேள்வி ஞானம்தான். ஹாலிஸ்கோ மாநிலத்துக் கிராமங்களில் அப்பாவிடம் பிள்ளை கேட்டு வாசித்த இசை அது. இப்போது தாள் முன்னால் இல்லையே தவிர, பின்னால் இருக்கிறது. அதை எழுதியவர்களில் நான் முதலில் சொல்வது ரூபென் ஃபுவெந்தெஸ் பெயரைத்தான். 1926 இல் ஹாலிஸ்கோவின் சியுதாத் குஸ்மானில் பிறந்தவர். மேற்கத்திய செவ்வியல் முறையில் வயலின் படித்துவிட்டு, 1944 இல் ‘மரியாச்சி வர்காஸ்’ குழுவில் சேர்ந்தார். அப்போது வயது பதினெட்டு.

ஹொசே அல்ஃப்ரெதோ ஹிமேனெஸை மெக்சிகோவே கொண்டாடுகிறது. ஆனால் அந்தப் பாடலாசிரியருக்கு நோட்டு எழுதத் தெரியாது, வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மெட்டு மட்டும் தொண்டையில் இருக்கும். அவர் பாடிக் காட்டியதை வாங்கி, வயலின்களுக்கு எது, டிரம்பெட்டுக்கு எது என்று பிரித்து எழுதியவர் ஃபுவெந்தெஸ். எத்தனை பெரிய வேலை! பாடகர் மூச்சு வாங்கும் அந்த அரை நொடியில் வயலின்கள் நுழைந்து, அவர் வாய் திறப்பதற்குள் விலகிவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

அடியில் கித்தாரோன் என்ற தொப்பை பெருத்த கித்தார் போகும். இரண்டு கம்பிகளைச் சேர்த்து இழுத்து, ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் பேச வைப்பார்கள். மைக் இல்லாத தெருவிலும் எடுபட வேண்டுமே.

ஃபுவெந்தெஸே இயற்றியவற்றில் ‘லா பிகினா’ பெரும் புகழ் பெற்றது. பிகினி உடுத்திய பெண்களைக் கடற்கரையில் பார்த்த அவருடைய சின்ன மகன் ‘பிகினாக்கள்’ என்றானாம், பெயர் அங்கே பிறந்தது என்பார்கள். பாட்டோ, ஊரே பேசும் கர்வமும் தனிமையும் கொண்ட ஒரு அழகியைப் பற்றியது.

1987 இல் அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட், வீட்டில் தன் அப்பா பாடிய பழைய மெக்சிகப் பாடல்களை ஒரு தொகுப்பாகப் பாடினார். அதற்கும் ஃபுவெந்தெஸ்தான் இசைப் பொறுப்பு. அமெரிக்காவிலேயே இருபது லட்சத்துக்கு மேல் விற்றது, கிராமியும் வாங்கியது. 2022 பிப்ரவரியில், 96 வயது நிறையப் பத்து நாள் இருக்கையில் ஃபுவெந்தெஸ் காலமானார்.

கேட்டுப் பார்க்க நினைத்தால் அந்தத் தொகுப்பில் தொடங்குங்கள். முதல் முறை லிண்டாவின் குரலைக் கேளுங்கள். அப்புறம் அதை விட்டுவிட்டு, பின்னால் வரும் வயலின்களை மட்டும் கேளுங்கள்.