பழைய வெப்சைட் முகவரியைக் கைவிடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறோம். வெப்சைட் வழியாகவும் தேன் விற்கிறோம். கடைப் பெயர் மாறியதால் புது டொமைன் (வெப்சைட் முகவரி) வாங்கிவிட்டோம். பழையது அடுத்த மாதம் முடிகிறது. சைட் செய்து தந்த தம்பி, "அதை ரினியூ பண்ண வேண்டாம். ரீடைரக்ட் வேணும்னா தனிக் காசு" என்கிறார். இந்தச் செலவு அவசியமா?

பதில்: அவசியம். முதல் வேலையாகப் பழைய டொமைனை ரினியூ செய்துவிடுங்கள். அது உங்கள் கையில் இருந்தால்தான் ரீடைரக்டே, அதாவது பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டையே, போட முடியும். காலாவதியான டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆட்கள் வந்துபோன முகவரியாகப் பார்த்து வாங்கி, சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பாட்டில் லேபிளில் பழைய முகவரியின் கியூஆர் கோடு இருந்தால் யோசித்துப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஒருவர் ரப்பர் தேன் (ரப்பர் தோட்டத்துத் தேன்) தீர்ந்துபோய், மறுபடி வாங்கலாம் என்று ஸ்கேன் செய்வார். அவர் போய் நிற்கும் இடம் அந்தச் சூதாட்டப் பக்கமாக இருக்கும். விற்றுப்போன பாட்டிலில் லேபிளை மாற்ற முடியாதே.

அடுத்து, '301 ரீடைரக்ட்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று பிரவுசருக்கும் கூகுளுக்கும் சொல்வது அதுதான். தேடலில் பழைய பக்கம் சேர்த்து வைத்த மதிப்பு புதுப் பக்கத்துக்குப் போய்ச் சேரவும் அதுவே நல்ல வழி. 302 என்பது தற்காலிக மாற்றம், உங்களுக்குப் பொருந்தாது.

பலரும் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். எல்லாப் பழைய பக்கங்களையும் புது சைட்டின் முகப்புக்கே திருப்பிவிட்டு, வேலை முடிந்தது என்பார்கள். அது போதாது. பழைய ரப்பர் தேன் பக்கம் புதிய ரப்பர் தேன் பக்கத்துக்கும், பழைய தேன்மெழுகுப் பக்கம் புதிய தேன்மெழுகுப் பக்கத்துக்கும் போக வேண்டும். எல்லாம் முகப்பிலேயே வந்து முட்டினால், அந்தப் பழைய பக்கங்கள் இல்லாமல் போனதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளக்கூடும். பக்கத்தின் பெயர்கள் மாறாமல் டொமைன் மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் சர்வரில் சில வரிகளில் முடிகிற வேலை. அதற்குப் பெரிய தொகை கேட்டால் பேரம் பேசுங்கள்.

பழைய டொமைனின் எஸ்.எஸ்.எல். சான்றிதழும் (இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுவது) உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீடைரக்ட் நடப்பதற்கு முன்பே பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று ஆளை மிரட்டிவிடும். டொமைன் கம்பெனி தரும் 'மாஸ்கிங்' வசதி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பழைய முகவரி அப்படியே நிற்க, உள்ளே புது சைட் தெரியும். கூகுளுக்கு மாற்றம் எதுவும் சொல்லப்படாது.

ரீடைரக்ட் போட்டதும், சைட் நடத்துபவர்களுக்காகக் கூகுள் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற கருவியில் முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். இரண்டு டொமைனும் ஒரே கூகுள் கணக்கில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அது தம்பியின் கணக்காக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும். டொமைன்களும் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். குறைந்தது 1 வருடம் ரீடைரக்டை வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய லேபிள் ஒட்டிய பாட்டில்கள் வெளியே இருக்கும்வரை வைத்திருங்கள் என்பேன் நான்.

பணம் கொடுக்குமுன் போனில் இன்காக்னிட்டோ விண்டோ (பிரவுசரின் பழைய நினைவு கலக்காத தனி விண்டோ) திறந்து, பழைய சைட்டின் நாலைந்து உள்பக்க முகவரிகளை அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் அதனதன் புதுப் பக்கத்துக்கு நேரே போனால் சரி.

கேள்வி: கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறோம். மராமத்து வேலைக்காக 2 மாதம் மூடுகிறோம். புக்கிங் பக்கத்தை அறிவிப்புப் பக்கத்துக்குத் திருப்பலாமா?

பதில்: திருப்பலாம், ஆனால் 302 போடுங்கள். 301 போட்டால் பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். சபரிமலை சீசனுக்கு நீங்கள் திறந்த பிறகும் சிலருக்கு 'மூடியிருக்கிறது' என்றே காட்டும்.