பிளாஸ்க்கில் நைட்ரஜன் வாங்கி வரலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு கறவை மாடுகள். சினை ஊசி போட வரும் தம்பி, உறைந்த விந்தைத் திரவ நைட்ரஜனில் போட்டுக் கொண்டுவருகிற 3 லிட்டர் கேன் கெட்டுப்போய்விட்டதாம். "டவுனுக்குப் போய் நைட்ரஜன் பிடிச்சுட்டு வந்துடறேன், உங்க வீட்டு எவர்சில்வர் பிளாஸ்க்கைக் குடுங்கண்ணா" என்கிறார். டீயைச் சூடு ஆறாமல் வைக்கிற பிளாஸ்க், குளிரையும் அப்படியே வைத்திருக்கும்தானே? கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்தே தீரவேண்டும் என்றால் மூடியை வீட்டில் வைத்துக்கொண்டு பிளாஸ்க்கை மட்டும் கொடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் வில்லங்கத்தில் முக்கால்வாசி அந்த மூடியில்தான் இருக்கிறது. ஆனால் மூடியில்லாத பிளாஸ்க்கோடு பைக்கில் வந்தால் முதல் வேகத்தடையிலேயே தொடையில் கொட்டிக்கொள்வார். அதனால் எப்படிப் பார்த்தாலும் வேண்டாம்.

நீங்கள் யோசித்ததில் தப்பே இல்லை. சொல்லப்போனால் பிளாஸ்க் பிறந்ததே இதற்காகத்தான், டீக்காக அல்ல. 1892-இல் லண்டனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களை ஆவியாகாமல் கொஞ்ச நேரமாவது பிடித்துவைக்க வேண்டும் என்றுதான் இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து அந்தப் பாத்திரத்தைச் செய்தார். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். ஜெர்மனிக்காரர்கள் 1904-இல் அதற்கு ஒரு உறையும் மூடியும் போட்டு 'தெர்மோஸ்' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார்கள், டூவர் கோர்ட்டுக்குப் போயும் ஒன்றும் நடக்கவில்லை. கவனியுங்கள், டீக்காரர்களுக்குத்தான் மூடி தேவைப்பட்டது. டூவருக்குத் தேவைப்படவில்லை, அவர் பாத்திரத்தின் வாய் திறந்தே இருந்தது. அப்படியும் அவருடைய உதவியாளர்களில் இருவர் சோதனைச்சாலை வெடிப்புகளில் ஆளுக்கு ஒரு கண்ணை இழந்தார்கள்.

திரவ நைட்ரஜன் கொதிக்கிற வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. நம் ஊர் வெயிலில் அதை எதில் ஊற்றினாலும், எவ்வளவு நல்ல பிளாஸ்க்காக இருந்தாலும், அது கொதித்துக்கொண்டேதான் இருக்கும். அடுப்பில் வைத்த பால் மாதிரி, நிறுத்தவே முடியாத கொதி. ஒரு லிட்டர் திரவம் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. அந்த 700 லிட்டரை ஒரு லிட்டர் பிளாஸ்க்குக்குள் திருகு மூடி போட்டுப் பூட்டினால் என்ன ஆகும்? கார் டயரில் நாம் அடிக்கிற காற்று, வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தம்தான். இங்கே பேசுவது நூற்றுக்கணக்கான மடங்கு. டயர் பொறுக்கும், பிளாஸ்க் பொறுக்காது. உடனே வெடித்தாலாவது பக்கத்தில் யாரும் இல்லாமல் போகலாம். இது சாவகாசமாக அழுத்தம் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்து, யாராவது மூடியைத் திறக்கக் குனிகிற நேரமாகப் பார்த்து வெடிக்கக்கூடிய சாமான்.

இதை நான் எங்கிருந்து கற்றுக்கொண்டேன் என்றால், புத்தகத்திலிருந்து இல்லை. ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது ஒருநாள் கண்ணாடி பிளாஸ்க்கில் பாதி நைட்ரஜன் மீதி இருந்தது, வீணாகப் போகிறதே என்று ஒரு ரப்பர் தக்கையை எடுத்து வாயில் செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தக்கையைக் காணோம். மேலே டியூப் லைட் இருந்த இடத்தில் பட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, மேசை முழுக்க வெள்ளைத் தூள் படிந்த கண்ணாடிச் சில்லு, நடுவில் பிளாஸ்க் ஒன்றும் தெரியாதது போல் மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. நான் அழுத்திச் செருகவில்லை, அதனால் தக்கை மட்டும் போயிற்று. அன்றைக்கு என் பயமெல்லாம் டியூப் லைட்டுக்கு என்ன கணக்குச் சொல்வது என்பதுதான். பிளாஸ்க்கே போயிருக்கலாம் என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

சினை ஊசிக்காரரின் கேனைத் திறக்கும்போது அடுத்த முறை பாருங்கள். கழுத்து நீளமாக, குறுகலாக இருக்கும். அதை அடைப்பது திருகு மூடி அல்ல, அடியில் நீளமான நுரைக்கட்டை ஒட்டிய ஒரு தொப்பி. அது எப்போதும் இறுகாது, இறுகக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே கொதிக்கிற வாயு அந்த இடுக்கு வழியாக ஓயாமல் வெளியே வந்துகொண்டே இருக்கும். தொப்பி ஆடுகிறதே என்று துணி சுற்றி இறுக்கி வைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதுவும் இந்த மூடி வியாதிதான்.

இன்னொரு விஷயம், இது உங்கள் பணம் சம்பந்தப்பட்டது. எவர்சில்வர் அந்தக் குளிரைத் தாங்கிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். கழுத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பர் வளையமும் தாங்காது, விரிசல் விடும். அது போகட்டும். உறைவிந்துக் குச்சிகள், அதாவது காளையின் விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழாய்கள், திரவத்துக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். நல்ல கேன் சில வாரங்கள் தாங்கும், வீட்டு பிளாஸ்க்கில் மட்டம் மளமளவென்று இறங்கும், குச்சி வெளியே தலைகாட்டிச் சூடேறிவிட்டால் அதில் இருக்கும் உயிரணு செத்துப்போகும். மறுபடி குளிர்வித்தாலும் வராது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 21 நாள் கழித்து மாடு திரும்பவும் பருவத்துக்குக் கத்தும்போது மாட்டைத்தான் திட்டுவோம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, கேன் சரியாகும் வரை அங்கேயே மாட்டை ஓட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பெரிய நைட்ரஜன் டேங்கின் வால்வு ஒன்று அவ்வப்போது 'புஸ்…' என்று சீறுகிறது. வாயு வீணாகிறது. அடைத்துவிடலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கையை எடுங்கள் சார்! அது ஒழுகவில்லை, மூச்சு விடுகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கட்டடத்தில் இதே மாதிரி ஒரு டேங்க் இருந்தது. யாரோ எப்போதோ, உங்களுக்கு வந்த அதே யோசனையில், அழுத்தம் விடுவிக்கும் அமைப்புகளைக் கழற்றிவிட்டுப் பித்தளை அடைப்பான் போட்டு மூடிவிட்டார்கள். அப்படியும் அது வருஷக்கணக்கில் ஓடியது. 2006 ஜனவரியில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் அடித்தட்டு பிய்த்துக்கொண்டு, டேங்க் ராக்கெட் மாதிரி கிளம்பி கான்கிரீட் கூரையை உடைத்துக்கொண்டு மேலே போயிற்று. அந்த நேரத்தில் ஆள் இல்லை. பகலில் நடந்திருந்தால் கதையே வேறு. உங்கள் டேங்க் வழக்கத்தைவிட அடிக்கடி சீறினால் வெற்றிடச் சுவர் கெட்டுப்போய்ச் சூடு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், விற்ற கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குத் திரவ நைட்ரஜன் கொண்டுவந்து காட்ட ஆசை. வீடியோக்களில் கையையே விட்டு எடுக்கிறார்கள், ஒன்றும் ஆவதில்லையே? எந்தப் பாத்திரத்தில் ஊற்றலாம்?
– ஒரு ஆசிரியை, திருச்சி

பதில்: டீச்சர், தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பார்ப்பீர்கள் இல்லையா, துளிகள் சட்டென்று வற்றாமல் முத்து முத்தாக ஓடும். துளிக்கு அடியில் ஆவி ஒரு மெத்தை போட்டுவிடுவதால் கல்லின் சூடு நேராக ஏறுவதில்லை. 1756-இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தது இது, அவர் பெயராலேயே சொல்கிறார்கள். நைட்ரஜனுக்கு நம் கைதான் தோசைக்கல். ஒரு கணம் பட்டுத் தெறித்தால் ஆவி மெத்தை காப்பாற்றும். உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாலோ, மோதிரத்துக்கு அடியில், சட்டைக் கைமடிப்பில், செருப்பு வாருக்குள் போய்த் தங்கினாலோ மெத்தை இருக்காது, சதை உறைந்துவிடும். அதனால்தான் துணிக் கையுறையைவிட வெறுங்கை மேல் என்று எங்கள் ஆய்வகத்தில் சொல்வார்கள்; துணி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் கையுறை, அதுவும் ஒரு உதறு உதறினால் கழன்று விழுகிற மாதிரி தொளதொளவென்று. முகத்துக்கு முழு மறைப்பு. பேன்ட் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகக் கூடாது.

பாத்திரம்: கனமான தெர்மோகோல் பெட்டி, நம்ப முடியாத அளவுக்கு நல்லது. கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளி, மக், டிபன் பாக்ஸ் எல்லாம் பளிச்சென்று விரிசல் விட்டுப் பிளந்துவிடும், நைட்ரஜன் முழுக்க உங்கள் காலில். கண்ணாடி டம்ளர் வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் சொம்பு உடையாது, ஆனால் வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். எதில் ஊற்றினாலும் முதலில் ஒரு கரண்டி அளவு ஊற்றி, சடசடவென்று சீறி அடங்கும் வரை காத்திருங்கள். அந்தச் சத்தம் நின்றால் பாத்திரம் குளிர்ந்துவிட்டது என்று பொருள், அதன் பிறகு மீதியை மெதுவாக ஊற்றலாம். வாழைப்பழத்தால் ஆணி அடியுங்கள், ரோஜாவை நொறுக்குங்கள், பிள்ளைகள் கத்திக் கொண்டாடுவார்கள். தண்ணீர் பாட்டிலுக்குள் ஊற்றி மூடி வெடிக்கவைக்கிற 'சோதனை' மட்டும் வேண்டாம். டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) போட்டுச் செய்தாலும் அதே கதைதான். மிச்சத்தை ஸிங்கில் ஊற்றாதீர்கள், குழாய் வெடிக்கும். திறந்த வெளியில் விட்டால் தானே போய்விடும்.

கேள்வி: திரவ நைட்ரஜன் ஊற்றி, வாயில் போட்டால் புகை வருகிற மாதிரி விற்கிறார்களே, அந்தப் புகை பிஸ்கட் குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கூடாது. 2024 ஏப்ரலில் கர்நாடகத்தில் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதைத் தின்றுவிட்டு வலியில் துடித்த வீடியோ எல்லோர் கைக்கும் வந்ததே, அதன் பிறகுதான் தமிழ்நாட்டிலும் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது. புகை முழுக்க அடங்கிய பிறகு அது வெறும் குளிர்ந்த பிஸ்கட், ஆபத்தில்லை. ஆனால் புகை அடங்கிய பிறகு அதை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? விழுங்கின துளி வயிற்றுக்குள் போய் 700 மடங்கு விரியும். 2012-இல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி நைட்ரஜன் ஊற்றிய மதுவைக் குடித்து, வயிற்றில் ஓட்டை விழுந்து, இரைப்பையையே எடுக்கவேண்டி வந்தது. வயிறும் ஒரு மூடின பாத்திரம்தானே.

கேள்வி: கேனை காரில் கொண்டு போகிறேன், ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன். தப்பா?
– சினை ஊசி போடுபவர், ஈரோடு மாவட்டம்

பதில்: தப்புதான். கார் என்பதும் மூடி போட்ட டப்பாதான், நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். காருக்குள் சுமார் 3,000 லிட்டர் காற்று இருக்கும். 3 லிட்டர் கேன் சாய்ந்து முழுக்கக் கொட்டினால் 2,000 லிட்டருக்கு மேல் நைட்ரஜன். 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்ஸிஜன் ஏறக்குறைய 10-க்கு வந்துவிடும், அந்த நிலையில் வண்டி ஓட்ட நினைவு இருக்காது. மூச்சு முட்டுமே, அப்போது கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், முட்டாது. நமக்கு மூச்சு முட்டுவது உடம்பில் கரியமில வாயு சேருவதால்தான், ஆக்ஸிஜன் குறைவதை உடம்பு அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. தலை லேசாகும், அப்புறம் ஒன்றும் தெரியாது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் நைட்ரஜன் கசிந்து 6 பேர் இறந்தார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்கவும் காப்பாற்றவும் உள்ளே போனவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்த்துக்கொண்டே போங்கள். கேனை நிமிர்த்திக் கட்டுங்கள், வேனாக இருந்தால் பின்பக்கம் தனியாக வையுங்கள். லிஃப்டில் ஏற்றவேண்டி வந்தால் கேனை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் படியேறுங்கள். ராத்திரி படுக்கிற அறையில் வேண்டாம்.

கேள்வி: விரலில் பட்டு வெளுத்துவிட்டது. நெருப்பில் காட்டலாமா, தேய்க்கலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: இரண்டும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில், விரலை வைத்திருங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். துணி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். மரத்துப்போய் வலிக்கவில்லை என்று இருந்துவிடாமல் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், வலி பின்னால்தான் வரும்.

கேள்வி: கேனுக்குள் எவ்வளவு மீதி என்று டார்ச் அடித்துப் பார்த்தால் வெறும் மூட்டம்தான் தெரிகிறது. பழைய பிவிசி பைப்பை விட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: துளையுள்ள எதையும் விடாதீர்கள். பைப்பின் உள்ளே இறங்கும் திரவம் கொதித்து, மேல் முனை வழியாக முகத்துக்கு நேராகப் பீறிட்டு அடிக்கும். மரத்தாலான ஒரு அளவுகோல் போதும். அடி வரை விட்டு பத்து எண்ணுங்கள், எடுத்து லேசாகக் காற்றில் ஆட்டுங்கள். நனைந்த இடம் வரை வெள்ளையாக உறைபனி பூக்கும், அந்தக் கோடுதான் மட்டம். கேனோடு கொடுத்த அட்டையில் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நிரப்ப வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைக் கேனின் மேலேயே பெயின்ட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.